பஸ் ஷெட்டுக்குள் அலைக்குளம்

ஜனவரி 9

அப்பாவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோமாம், யார் சொல்வதும் யார் காதிலும் விழுவதில்லையாம். கடிதம் என்றால் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்க முடியும், எழுதித் தொலையுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். முதலில் எழுதுவது நான் என்பதால் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பஸ் ஷெட்டில் ஓடு பதிக்கும் படத்தை அம்மா அனுப்பினாள். பஸ் கழுவிய இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான குளம், மெக்கானிக்குகள் இறங்கி வேலை பார்த்த பள்ளங்களை வெட்டி அகலமாக்கி அலைக்குளம், டீசல் தொட்டி இருந்த மூலையில் சறுக்கு. நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்வதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

என் கோபம் குளத்தின் மேல் இல்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, "என் மக பெரிய வாட்டர் பார்க்குல இருக்கா. அந்த வேலையை விட்டுட்டு வந்து நம்ம பார்க்கை நடத்துவா" என்று சொன்னீர்கள். எல்லாரும் கை தட்டினார்களாம். மறுநாள் தலைவியம்மா, அதுதான் மருந்துக்கடை அம்மா, எனக்கு வாழ்த்து அனுப்பினார். நான் வேலையை விடப்போகிறேன் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இங்கே குளத்தைச் சுற்றி நிற்கும் லைஃப்கார்டுகளுக்கெல்லாம் நான் மேற்பார்வையாளர். இந்த நாற்காலிக்காக எத்தனை பேரிடம் முட்டி மோதினேன் என்று உங்களுக்குத் தெரியும். வரமாட்டேன் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். நாலு பேர் முன்னால் உங்கள் தலை குனிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா அப்பா?

சண்டை வேறு, தண்ணீர் வேறு. அதனால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஷவரில் நனையாத ஒருவரையும் குளத்தில் இறக்காதீர்கள். உள்ளே மருந்து வாடை மூக்கைத் துளைத்தால் குளோரின் அதிகமாகிவிட்டது என்று குறைக்கப் பார்ப்பார்கள். வியர்வையும் எண்ணெயும் குளோரினோடு சேரும்போதுதான் அந்த வாடை கிளம்புகிறது. அடுத்தது, சத்தம். உயரமான தகரக் கூரை, சுற்றிலும் ஓடு, நடுவில் தண்ணீர். உள்ளே பேசுவது எதுவும் காதில் விழாது. லைஃப்கார்டுக்கு அங்கே விசில்தான் வாய்.

இன்னும் அதே வேலையில் இருக்கும்
உங்கள் மகள்


ஜனவரி 24

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். அம்மாவும் நலம். நீ இறங்கி வரவில்லை என்பது முதல் பத்தியிலேயே புரிந்துவிட்டது, அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் நடந்ததை யார் உன்னிடம் சொன்னார்களோ, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். பஸ் கம்பெனி ஷெட்டைக் காலி செய்து சங்கத்திடம் விட்ட நாளிலிருந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பாதிப் பேருக்கு அதை குடோனாக்கி வாடகைக்கு விட வேண்டும். அந்த நேரத்தில்தான் கல்குவாரித் தண்ணீரில் குளிக்கப் போன இரண்டு பிள்ளைகள் திரும்பவில்லை. இரண்டையும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் டிப்போ வாசலில்தான் கிடக்கும். நான் விரட்டுவேன், என் பின்னாலேயே நின்று என்னைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு கடிகாரம் பார்த்துக் காட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தண்ணீர் வேண்டும், வெயிலோ மழையோ கூரைக்கு அடியில் வேண்டும் என்று நான்தான் முதலில் சொன்னேன். உடனே ஒருவர், "தண்ணிக்கு யார் சார் பொறுப்பு?" என்று கேட்டார். கூட்டமே வாயடைத்துப் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போயிருந்தால் குடோன் என்று எழுதி முடித்திருப்பார்கள். அப்போது என் வாயில் உன் பெயர் வந்துவிட்டது. பெருமையில் வந்ததா, பயத்தில் வந்ததா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

பெற்ற மகளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை என்றால் சரி, இனி பேசவில்லை. நீ இல்லாமலும் இது நடக்கும். எத்தனையோ வருடம் இந்த ஷெட்டிலிருந்து ஒரு பஸ்ஸைக்கூடத் தாமதமாக அனுப்பாத டைம்கீப்பர் நான். ஒரு குளத்தை நடத்த முடியாதா?

ஷவர் விஷயத்தைத் தலைவியம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா


ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

திறப்பு நாள் வீடியோவைப் பார்த்தேன். ஒரு தடவை பார்த்து மூடிவிடலாம் என்றுதான் திறந்தேன், முடியவில்லை. வர்ணம் பூசிய தூண்களில் பழைய பஸ் எண்களை அப்படியே விட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் எண் தூணுக்குக் கீழே நம் தெருத் தையற்காரரின் சின்ன மகள் ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தேன். அம்மா துண்டு கொடுக்கும் மேசைக்குப் பின்னால் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். மனசு நிறைந்துதான் போயிற்று. இங்கே எங்கள் பார்க்கில் இத்தனை பேர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகுதான் உங்கள் கழுத்தைப் பார்த்தேன். விசில். நீங்கள் ஊதுகிறீர்கள், குளத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஏறி வருகிறார்கள், கேட்டைத் திறக்கிறீர்கள், அடுத்த கூட்டம் ஓடி வந்து குதிக்கிறது. டிப்போவைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விட்டீர்கள்.

அப்பா, குளத்தில் விசில் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும். யாரோ மூழ்குகிறார், அவ்வளவுதான். நேரம் முடிந்ததற்கு மணி அடியுங்கள், விளக்கை அணைத்துப் போடுங்கள், பாட்டுக்கூடப் பாடுங்கள். விசிலை லைஃப்கார்டிடம் விட்டுவிடுங்கள். இதை உங்கள் மகளாகச் சொல்லவில்லை. இந்த வேலையைச் செய்கிறவளாகச் சொல்கிறேன்.

மகள்


ஏப்ரல் 15

மகளுக்கு,

வேலையைச் செய்கிறவளுக்கு நானும் என் வேலையைச் செய்கிறவனாகவே பதில் எழுதுகிறேன்.

முதல் நாள் காலையில் விசில் இல்லாமல்தான் தொடங்கினோம். உள்ளே போன பிள்ளை ஒன்றும் வெளியே வரவில்லை. வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. எவ்வளவு கத்தினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணியும் கிணிகிணி என்று அலைச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. மத்தியானம் வீட்டுக்குப் போய் என் பழைய விசிலைத் தேடி எடுத்து வந்தேன். ஒரே ஊதல். சொன்னால் நம்பமாட்டாய், குளமே காலியாயிற்று. இப்போது பிள்ளைகளே தங்கள் முறையை டிரிப் என்றுதான் சொல்கிறார்கள். "சார், நான் அடுத்த டிரிப்" என்று வந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் சமமாகத் தண்ணீர் கிடைக்கிறது. உன் பெரிய பார்க்கில் அது உண்டா?

நீ பயப்படுவதும் புரியாமல் இல்லை. அதற்கும் வழி செய்துவிட்டேன். கண்டக்டர் விசிலுக்கு ஒரே அர்த்தமா இருக்கிறது? ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும், ஒரு டிரைவராவது குழம்பியிருக்கிறாரா? இங்கேயும் அப்படித்தான். நீளமாக ஒன்று என்றால் டிரிப் முடிந்தது. சின்னச் சின்னதாக மூன்று என்றால் ஆபத்து, இருக்கிற இடத்திலேயே நிற்க வேண்டும். பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன். எங்கள் லைஃப்கார்டு பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். கெட்டிக்காரப் பெண். தண்ணீரை விட்டு வெளியே வரவே மாட்டாள், அதனால் நான் தவளை என்று கூப்பிடுகிறேன், அவளும் ஏன் என்று கேட்பதில்லை.

இன்னொரு செய்தி. கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு மேலே ஏற்றினேன். அவர் எங்கும் ஓட்டை இல்லை என்று இறங்கிவிட்டார். வானத்தில் ஒரு மேகம் இல்லை, உள்ளே சொட்டுச் சொட்டாக விழுகிறது. அம்மா, அது நீராவி, சோற்றுப் பானை மூடியில் இருந்து சொட்டுவது போலத்தானே என்றாள். கூரை ஆளின் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று காலியாகக் கிடக்கிறது. யார் கேட்டாலும் ஆள் வருகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 28

அப்பாவுக்கு,

நாற்காலியைப் பற்றி எழுதி என்னை மடக்கப் பார்க்காதீர்கள்.

உங்கள் மூன்று ஊதலும் ஒரு ஊதலும் கேட்டருகில் நின்றால் தெளிவாகத்தான் கேட்கும். பஸ்ஸுக்குள்ளும் கேட்கும். தகரக் கூரைக்கு அடியில், அலை எந்திரம் ஓடும்போது, ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, மார்பளவுத் தண்ணீரில் நிற்பவர் காதில் எப்படி விழும் என்று நினைக்கிறீர்கள்? நான் உங்கள் குளத்தில் நின்றதில்லை, ஆனால் இது போன்ற இடங்களில் நின்றிருக்கிறேன். ஒரு சத்தம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறிவிடும். மூன்றும் ஒன்றாகிவிடும்.

நான் சொன்னால் ஏற்கமாட்டீர்கள். நீங்களே இறங்கிக் கேட்டுப் பாருங்கள். தவளையை ஊதச் சொல்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

நீங்கள் தண்ணீரில் கால் வைக்காதவர் என்று எனக்குத் தெரியும். பள்ளிப் போட்டிகளில் நான் நீந்தும்போதெல்லாம் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, விளிம்பிலிருந்து ரொம்பத் தள்ளி நிற்பீர்கள். அப்போது அது எனக்குப் பிடிக்கும். இப்போது பயமாக இருக்கிறது.

மகள்


ஜூன் 3

பாப்பாவுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இறங்கிக் கேட்டுப் பாருங்கள் என்றாய். இறங்கவில்லை. டைம் சார் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் பார்க்க நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று தட்டிக் கழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். தையற்காரரின் சின்ன மகள் அலைக்குளத்தில் வளையத்திலிருந்து நழுவிவிட்டாள். தவளை பார்த்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே மூன்று முறை ஊதிவிட்டுக் குதித்தாள். இருக்கிற இடத்தில் நிற்க வேண்டிய கூட்டம் டிரிப் முடிந்தது என்று படியை நோக்கித் திரும்பிற்று. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். தவளை எதிர்நீச்சல் போட்டு அவர்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டியிருந்தது.

அடுத்து நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் கேட்டருகில் இருந்தேன். காதில் என்ன விழுந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கூட்டம் ஏறி வருவதைக் கண் பார்த்தது, கை கேட்டைத் திறந்துவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஓடிப்போய்க் குதித்தார்கள். பிள்ளையைத் தேடித் தவளை முங்கிக்கொண்டிருந்த இடத்தின் மேலேயே குதித்தார்கள்.

அம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். துண்டு மேசையை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டை அடைத்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தவளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓட்டுத் தரையில் படுக்கவைத்து நெஞ்சை அமுக்கினாள். பிள்ளை இருமினாள், அழுதாள். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள்.

தையற்காரர் ஆஸ்பத்திரி வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க இருந்ததாலதான் என் பிள்ளை பொழச்சா" என்றார். அங்கே உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். மறுநாள் அவர் கடைக்குப் போய் நடந்தது நடந்தபடி சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, போயிட்டு வாங்க சார் என்றார்.

ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தலைவியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முறையாகப் பயிற்சி கொடுக்க ஆள் கிடைத்தால் திறப்போம், இல்லாவிட்டால் குடோன்தான் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். நேற்று மாலை கடைக்குப் போகும்போது நம் டிரிப் பிள்ளைகள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குவாரிப் பாதையில் போவதைப் பார்த்தேன். நான் கூப்பிட்டேன். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் ஓடிவிட்டார்கள். என்னால் அவர்கள் பின்னால் ஓட முடியவில்லை.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு முகம் இல்லை. அதனால் கூப்பிடவில்லை. நீ சொன்னது சரி என்று எழுதவே உட்கார்ந்தேன்.

அப்பா


ஜூன் 11

அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் எழுதினால் நாளைக்கு நானே வருந்துவேன் என்று கொஞ்சம் ஆறப்போட்டேன். முழுதும் ஆறவில்லை.

பிள்ளை பிழைத்தது தவளையால், அம்மாவின் மேசையால். உங்களால் இல்லை. இதை அங்கே யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள், டைம் சார் மேல் அவ்வளவு மரியாதை. அதனால் நான் சொல்கிறேன். மூன்றும் ஒன்றாகிவிடும் என்று எழுதினேனே அப்பா. உங்கள் மேல் உள்ள கோபத்தை விட என் மேல் உள்ள கோபம் அதிகம். எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். ரயில் ஏறி வந்து அந்த விசிலைப் பிடுங்கியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை.

தையற்காரர் கடைக்கு நீங்களாகவே போனதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தத் தொழிலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அப்படிப் போனவரைப் பார்த்ததில்லை. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருவது வேறு. அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைக்காதீர்கள். அது கோபித்துக்கொண்டு உட்காருவது, நம் இருவருக்கும் நன்றாகவே வரும்.

நீங்கள் வா என்று எழுதவில்லை. அதைக் கவனித்தேன். கூப்பிடாமலே வருகிறேன், லீவு சொல்லியாயிற்று. நடத்துவதற்கு வரவில்லை, சொல்லிக்கொடுக்க வருகிறேன். முடிந்ததும் திரும்பிவிடுவேன். கிளம்பும்போது வாசலில் நின்று கண்ணைக் கசக்கக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், உங்களிடமும் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் தண்ணீரில் இறங்க வேண்டும். அரைக்கால்சட்டை ஒன்று வாங்கி வையுங்கள். வேட்டியோடு ஒருவரையும் குளத்தில் விடுவதில்லை.

மகள்


ஆகஸ்ட் 3

பாப்பாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த செய்தியை அம்மா சொன்னாள். உன் நீல நிறத் துண்டை இங்கேயே விட்டுவிட்டாய். அம்மா துவைத்து மடித்து மேசையில் தனியாக வைத்திருக்கிறாள், யாருக்கும் கொடுப்பதில்லை.

வாசலில் நான் கண்ணைக் கசக்கவில்லை. குளோரின்.

ஷெட்டைத் திறந்துவிட்டோம். நீ சொன்னபடி டிரிப்புக்கு ஒரு நிற வளையம், எல்லார் மணிக்கட்டிலும். பஸ் முன்னால் மாட்டும் பழைய ஊர்ப் பலகைகளுக்கு வர்ணம் அடித்து நாலு மூலையிலும் மாட்டியிருக்கிறோம். பச்சையைத் திருப்பினால் பச்சை வளையம் கட்டியவர்கள் மேலே ஏறி வர வேண்டும். அம்மாதான் திருப்புகிறாள். முன்பு போலக் குளம் ஒரே ஊதலில் காலியாவதில்லை. சிலர் பார்க்காதது போல முங்குகிறார்கள், தாமதம் ஆகிறது. ஆகட்டும். விசில் தவளையிடம் இருக்கிறது. தினமும் காலையில் ஒத்திகை. ஊதினால் எல்லாரும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை மேலே தூக்க வேண்டும், நான் கேட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட வேண்டும். என் வேலை இப்போது கேட்டை மூடுவது.

நீ இருந்தபோது சொல்லாத ஒன்று உண்டு. கடைசிக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்து அலைக்குளத்தில் நெஞ்சளவுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினாயே, அலையை ஓடவிட்டு, பயிற்சிக்கு வந்தவர்களை எல்லாம் கத்தச் சொல்லி, தவளையை ஊதச் சொன்னாயே. "என்னப்பா கேட்டது?" என்றாய். நான் மேலே ஏறிவிட்டேன். குளிர்கிறது என்றேன்.

ஒன்றுதான் கேட்டது பாப்பா. நீளமாக, என்னுடைய பழைய ஊதல் மாதிரியே. தண்ணீரில் நின்றவர்கள் தப்புச் செய்யவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். கரையில் நின்றுகொண்டு தண்ணீருக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். அந்த நிமிடம் எனக்கு அந்தப் பிள்ளை மட்டும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து உன்னைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. நீ இருந்த இடத்தில் அது உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

தையற்காரர் போன வாரம் வந்தார். பிள்ளையைக் கூட்டிவரவில்லை, தனியாக வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒத்திகையைப் பார்த்துவிட்டுப் போனார். நேற்று இருவரும் வந்தார்கள். பிள்ளை சின்னக் குளத்தில் கால் நனைத்தாள். அவர் என்னிடம் பேசவில்லை. அவள் பேசினாள், எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். நானும் என்றாள்.

நேற்றுச் சங்கக் கூட்டம். குடோன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. உன் பயிற்சியை எல்லாரும் புகழ்ந்தார்கள், எனக்குத் தாங்கவில்லை. பிறகு தலைவியம்மா என் பக்கம் திரும்பி, "வருஷா வருஷம் உங்க மகளே வந்து இந்தப் பயிற்சியைக் கொடுப்பாங்கல்ல?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிலர் கை தட்டுவதற்குக் கையைத் தூக்கியும் வைத்திருந்தார்கள்.

நான் எழுந்தேன். "அவளைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தூக்கிய கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

ஆகவே கேட்கிறேன் பாப்பா. வருடத்துக்கு ஒருமுறை, உனக்குத் தோதான சமயத்தில், வருவாயா? முடியாது என்றால் முடியாது என்று எழுது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதையே சொல்கிறேன்.

அப்பா